330 பாகை: 'லேடி பி குட்' ஏன் வீடு திரும்பவில்லை?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1943இல் காணாமல்போன 'லேடி பி குட்' என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், பதினைந்து ஆண்டு கழித்து லிபியப் பாலைவனத்தின் நடுவில் கிட்டத்தட்ட முழுசாகக் கிடைத்தது. உள்ளே கொஞ்சம் தண்ணீரும் உணவும் இருந்தன, ரேடியோ வேலை செய்தது. ஆனால் அதில் வந்தவர்கள் விமானத்துக்கு எதிர்த்திசையில் நடந்து தாகத்தில் செத்தார்கள். இது முட்டாள்தனம் இல்லையா? சொந்தத் தளத்தின் தலைக்குமேல் பறந்துபோனதுகூடத் தெரியாமல், வழி கணித்துச் சொல்ல வேண்டிய நேவிகேட்டர் என்ன செய்துகொண்டிருந்தார்?

நேவிகேட்டர் ஹேஸ் மீது பழிபோடுவது சுலபம். பல பேர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த இரவும் அதற்குப் பிறகு வந்த எட்டு நாட்களும் அவர்கள் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அடியில் ஒரே ஒரு தப்பான நம்பிக்கைதான் இருக்கிறது: "நாம் இன்னும் தளத்துக்கு வடக்கே இருக்கிறோம்." அதை எடுத்துவிட்டால் மிச்சமெல்லாம் பாடப்புத்தகப்படி சரியாகச் செய்த காரியங்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். நான் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) பழகியவன், அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுருக்கமாகப் பின்னணி. விமானம் நான்கு எஞ்சின் கொண்ட பி-24டி லிபரேட்டர். 376ஆவது குண்டுவீச்சுக் குழுவைச் சேர்ந்தது. தளம் பெங்காசிக்குத் தெற்கே சுலூக் என்ற இடம். ஓடுபாதை என்று பெயர்தான், எல்லாம் மணலும் புழுதியும். ஏப்ரல் 4, 1943 பிற்பகலில் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்க 25 விமானங்கள் கிளம்பின. மணற்காற்று அடித்துக்கொண்டிருந்தது. சில விமானங்கள் எஞ்சினில் மணல் புகுந்து பாதியிலேயே திரும்பின. லேடி பி குட் கடைசியாகக் கிளம்பியவற்றில் ஒன்று. அதில் இருந்தவர்கள் சேர்ந்து போருக்குப் போனது அன்றுதான் முதல் தடவை.

ஒன்பது பேர். விமானி வில்லியம் ஹேட்டன், துணை விமானி ராபர்ட் டோனர், நேவிகேட்டர் டீபி ஹேஸ், குண்டுவீச்சாளர் ஜான் வொராவ்கா, எஞ்சினியர் ஹரால்ட் ரிப்ஸ்லிங்கர், ரேடியோ ஆபரேட்டர் ராபர்ட் லாமோட், துப்பாக்கியில் கை ஷெல்லி, வெர்னன் மூர், சாமுவேல் ஆடம்ஸ்.

நேப்பிள்ஸை நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது, கீழே எதுவும் தெரியவில்லை. குண்டைக் கடலில் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். கூட வந்தவர்கள் இருட்டில் பிரிந்துபோனார்கள். இனி தனியாக ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பகுதி கடல்மேல். பஞ்சாங்கப்படி அது அமாவாசையை ஒட்டிய ராத்திரி. நிலா வெளிச்சம் சுத்தமாகக் கிடையாது. போர்க்காலம் என்பதால் கரையோர ஊர்களிலும் விளக்கு எரியாது.

நள்ளிரவு தாண்டி 12:12க்கு ஹேட்டன் ரேடியோவில் கூப்பிட்டார்: என் தானியங்கித் திசைகாட்டி (ரேடியோ நிலையம் இருக்கும் பக்கத்தை முள்ளால் காட்டும் கருவி) வேலை செய்யவில்லை, தளம் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். பெங்காசி அருகே பெனினாவில் இருந்த நிலையம் அவர் குரல் வந்த திசையை அளந்து பதில் சொன்னது: வடக்கிலிருந்து வலஞ்சுற்றாக 330 பாகை. அதாவது நீ எங்களுக்கு வடமேற்கே, கடல்மேல் இருக்கிறாய், இப்படியே வா.

இங்கேதான் கோளாறு. பழைய டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்களுக்கு இது கையோடு தெரியும். மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்கும்போது பெட்டியைத் திருப்பித் திருப்பி வைப்போம் இல்லையா? ஒரு நிலையில் பாட்டு கணீரென்று வரும். இன்னும் திருப்பினால் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை நிலையத்தை நேராகப் பார்க்கும்போது சத்தம் அடங்குகிறது. பெட்டியை அப்படியே அரைவட்டம் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் அதே மாதிரி அடங்கும். நிலையம் இந்த முனைப்பக்கம் இருக்கிறதா அந்த முனைப்பக்கமா என்று அந்தக் கம்பிக்குச் சொல்லத் தெரியாது. அது ஒரு கோட்டைக் காட்டும், கோட்டின் எந்தப் பக்கம் என்று காட்டாது.

பெனினாவில் இருந்தது வளைய ஆன்டெனா. அதே குணம். 330 என்று படித்தது 330ஆகவும் இருக்கலாம், அதற்கு நேர் எதிரான 150ஆகவும் இருக்கலாம். 150 என்றால் தென்கிழக்கு. அங்கே கடல் கிடையாது, சகாராதான்.

எது உண்மை? ஒரு ஸ்கேலை எடுத்து வரைபடத்தில் வையுங்கள். நேப்பிள்ஸையும் சுலூக்கையும் சேர்த்துக் கோடு போட்டு, அதையே தென்கிழக்கே நீட்டுங்கள். விமானம் கிடைத்த இடம் ஏறக்குறைய அந்தக் கோட்டிலேயே வரும், சுலூக்கிலிருந்து 650 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி. அதாவது ஹேஸ் கொடுத்த திசை ரொம்பச் சரி. நள்ளிரவில், கடல் தாண்டி வந்து தளத்தின் தலைக்கு நேரே விமானத்தைக் கொண்டுவந்திருக்கிறார். நிறுத்தத்தான் தெரியவில்லை. திசை தவறியவனை 'வழி தெரியாதவன்' என்று சொல்லலாம், இவரை எப்படிச் சொல்வது?

நேரத்தையும் பாருங்கள். கூப்பிட்டது 12:12, குதித்தது சுமார் 2 மணி. இடையில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். லிபரேட்டர் மணிக்கு 350 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும் என்று வைத்தால் 630 கிலோமீட்டர். இது என் தோராயக் கணக்குதான், ஆனால் ரேடியோவில் கூப்பிட்டபோது அவர்கள் தளத்தின் மேலேயோ, சற்றுத் தாண்டியோ இருந்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தளத்திலிருந்து ஒளிக்குண்டு சுட்டிருக்கிறார்கள். மேலே இருந்தவர்கள் கண்ணில் அது படவில்லை.

சரிபார்க்க வழி இருந்ததா? இருந்தது. விமானத்தை இடப்பக்கம் தொண்ணூறு பாகை திருப்பிப் பத்து நிமிடம் பறக்கச் சொல்லி மறுபடி அளந்தால் போதும். கடல்மேல் இருந்தால் 330 என்பது 340ஐ நோக்கி ஏறும். பாலைவனத்தின் மேல் இருந்தால் 320ஐ நோக்கி இறங்கும். கூடவே நிமிர்ந்து நிற்கும் ஒரு நேர்க்கம்பி ஆன்டெனாவைச் சேர்த்துப் பார்ப்பது இன்னொரு வழி, அதில் முன்பக்கம் பின்பக்கம் பிரிந்துவிடும். ஆனால் கேட்டவருக்கும் சொன்னவருக்கும் ஒரே முடிவு ஏற்கெனவே மனதில் இருந்தது: கிளம்பி இவ்வளவு நேரம்தான் ஆகிறது, இன்னும் கடலில்தான் இருக்க வேண்டும். பின்னாலிருந்து காற்று தள்ளியதால் எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். எண் அந்த நினைப்புக்குப் பொருந்தியது. பொருந்தியதை யார் சந்தேகப்படுவார்?

என் சொந்தக் கதை ஒன்று. ஹாம் நண்பர்கள் 'நரி வேட்டை' என்று ஒரு விளையாட்டு நடத்துவோம். எங்கேயோ ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை நான் ஏரிக்கரை வழியே முக்கால் மணி நேரம் மகா நம்பிக்கையோடு எதிர்ப்பக்கம் நடந்தேன். சிக்னல் குறைந்துகொண்டே போனது. பேட்டரி இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் ஹேட்டனின் "திசைகாட்டி வேலை செய்யவில்லை" என்ற வார்த்தை எனக்கு உறுத்துகிறது. அது நிஜமாகவே கெட்டுப்போயிருக்கலாம். ஆனால் முள் பின்பக்கம் காட்டியதால் 'கெட்டுவிட்டது' என்று முடிவு செய்திருக்கவும் வாய்ப்புண்டு. இது ஊகம்தான், நிரூபிக்க வழியில்லை.

அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரம் அவர்கள் கரையை எதிர்பார்த்துப் பறந்தார்கள். நிலா இல்லாத இரவில் மேலிருந்து பார்த்தால் கடலும் மணலும் ஒரே கறுப்பு. எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நிற்கத் தொடங்கின. குதித்தார்கள். உள்ளேயே இருந்து தரையிறக்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: லிபரேட்டர் தண்ணீரில் இறங்குவதில் பேர்கெட்ட விமானம். அடிப்பக்கக் குண்டு அறைக் கதவுகள் மெல்லியவை, தண்ணீர் மோதியதும் பிய்ந்து உடல் உடையும். கீழே கடல் என்று நம்பியவன் பாராசூட்டைத்தான் தேர்ந்தெடுப்பான். கடலில் மிதக்க உதவும் காற்றடைத்த அங்கிகளையும் போட்டுக்கொண்டுதான் குதித்தார்கள். காலில் பட்டது மணல்.

ஆளில்லாத விமானம் இன்னும் 26 கிலோமீட்டர் பறந்து, தட்டையான சரளைத் தரையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு தானாகவே இறங்கியது. ஓர் எஞ்சின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. உடல் பின்பக்கம் முறிந்ததே தவிர நொறுங்கவில்லை. டேங்கில் பெட்ரோல் இல்லாததால் பெரிதாக எரிய ஒன்றுமில்லை. இரவில் தீயும் இல்லை, பகலில் புகையும் இல்லை.

இருட்டில் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சேர்ந்துகொண்டபோது எட்டுப் பேர்தான் இருந்தார்கள். குண்டுவீச்சாளர் ஜான் வொராவ்காவைக் காணோம். டோனர் தன் சின்ன நாட்குறிப்பில் முதல் நாள் எழுதியது இது: யாருக்கும் பெரிய காயமில்லை, ஜானைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாளும் அதையே எழுதினார், இன்னும் ஜான் இல்லை என்று. வொராவ்காவின் பாராசூட் சரியாக விரியவில்லை. அவர் அங்கேயே பக்கத்தில் விழுந்து இறந்துகிடந்தார். பின்னால் நடந்ததைப் பார்த்தால், ஒன்பது பேரில் அவர்தான் கொடுத்துவைத்தவர் என்று சொல்லத் தோன்றுகிறது.

இனி கேள்வியின் இரண்டாவது பாதி: ஏன் விமானத்தைத் தேடிப் போகவில்லை? அது எங்கே விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எந்த நிலையில் விழுந்தது என்றும் தெரியாது. ஆளில்லாமல் போன விமானம் தூளாகியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது போனது தென்கிழக்கே. தளமும் கடலும் வடமேற்கே. தளம் ஒரு நாள், இரண்டு நாள் நடையில் வந்துவிடும் என்று நம்பினார்கள். நிஜத்தில் அது 600 கிலோமீட்டருக்கு அப்பால். திசை மறுபடியும் சரி, பாருங்கள். வடமேற்கே நடந்தால் சுலூக் வரும். தூரம்தான் யாருக்கும் தெரியாது.

எட்டுப் பேருக்கும் சேர்த்து இருந்தது அரை குடுவைத் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடுவையின் மூடியால் ஒரு மூடி. இருமல் மருந்து ஊற்றிக் குடிப்போமே, ஏறக்குறைய அவ்வளவு. நாக்கு நனையும், தொண்டைக்குப் போகாது. அதை வைத்துக்கொண்டு பகலில் ஓய்வு, சாயங்காலம் தொடங்கி ராத்திரி முழுக்க நடை. பதினைந்து நிமிடம் நடப்பது, ஐந்து நிமிடம் உட்காருவது. போகிற வழியில் பறக்கும்போது போடும் பூட்ஸ், பாராசூட் துணி, மிதவை அங்கிகளைத் தரையில் வைத்துக் கல் ஏற்றி அம்புக்குறி மாதிரி அடையாளம் விட்டுக்கொண்டே போனார்கள். தேடி வருபவர்களுக்காக. தேடல் நடந்தது, ஆனால் மத்தியதரைக்கடலில். அவர்கள் கடலில் மூழ்கிவிட்டதாகத்தான் ராணுவம் முடிவுகட்டியது.

டோனரின் நாட்குறிப்பு நாளுக்கு நாலைந்து வரிதான். ஏப்ரல் 6: பகல் நரகம், விமானம் எதுவும் வரவில்லை. 7: எல்லோரும் தளர்கிறார்கள், எப்போதும் பிரார்த்தனை. 8: மணல்மேடுகள் வந்துவிட்டன, லாமோட்டின் கண் போய்விட்டது, மற்றவர்கள் கண்ணும் மோசம். இந்த எட்டாம் தேதி முக்கியம். அதுவரை நடந்தது கெட்டியான தட்டைத் தரை. இப்போது எதிரே கலன்ஷோ மணற்கடல். காலை வைத்தால் புதைகிற மணல், ஏறி இறங்க வேண்டிய மேடுகள். அதற்குள் அவர்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்திருந்தார்கள்.

9ஆம் தேதி ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடி முன்னே போனார்கள். மிச்ச ஐந்து பேர், அதாவது ஹேட்டன், டோனர், ஹேஸ், லாமோட், ஆடம்ஸ், நடக்க முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். எல்லோரும் சாகத்தான் விரும்புகிறோம் என்று அன்றைக்கு எழுதினார் டோனர். மறுநாள் இரண்டு பறவைகளைப் பார்த்ததைக் குறித்துவைத்தார். 11ஆம் தேதி, தண்ணீர் மட்டும் இருந்தால் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றும், நாக்கில் வைக்கிற அளவுதான் மிச்சம் என்றும். 12ஆம் தேதி ஒரே வரி: இன்னும் உதவி வரவில்லை, ராத்திரி கடுங்குளிர். அதோடு முடிகிறது. பகலில் தீயாய்க் கொளுத்திய அதே இடத்தில் இரவில் வெப்பநிலை ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது.

தெற்கே போயிருந்தால்? விமானத்தில் இருந்த தண்ணீர் சில நாள் தாங்கியிருக்கும், ரேடியோவில் கூப்பிட்டிருக்கலாம். பிழைத்திருக்க வாய்ப்பு அங்கேதான் அதிகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது 1959இல் உட்கார்ந்து யோசிப்பவர்களுக்குக் கிடைத்த அறிவு.

1958இல் எண்ணெய் தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் குழுக்கள் மேலிருந்து விமானத்தைப் பார்த்தன. திரிப்போலி பக்கத்தில் இருந்த வீலஸ் அமெரிக்க விமானத் தளத்துக்குச் சொன்னபோது, அந்தப் பகுதியில் எங்கள் விமானம் எதுவும் தொலைந்ததாகப் பதிவு இல்லையே என்று விட்டுவிட்டார்கள். பதிவுப்படி அது கடலில் அல்லவா மூழ்கியிருந்தது! 1959 பிப்ரவரியில் எண்ணெய்க் குழுவினரே தரைவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. ஒரு தெர்மாஸில் இருந்த தேநீர் குடிக்கும்படியே இருந்தது. உள்ளே ஒரு பாராசூட்கூட இல்லை, ஓர் உடலும் இல்லை. மே மாதம் அமெரிக்க ராணுவம் வந்து தேடியது. அம்புக்குறிகளைப் பிடித்துக்கொண்டே மணற்கடல் விளிம்புவரை போய், அதற்குமேல் யாராலும் நடந்திருக்க முடியாது என்று நிறுத்திக்கொண்டது. தண்ணீரில்லாத மனிதன் எவ்வளவு தூரம் நடப்பான் என்று வல்லுநர்கள் வைத்திருந்த கணக்கு அப்படி.

1960 பிப்ரவரியில் ஐவரின் உடல்களும் ஒரே இடத்தில் கிடைத்தன, டோனரின் நாட்குறிப்போடு. அதையும் எண்ணெய்க் குழுதான் கண்டது. மே மாதம் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும் கிடைத்தார்கள். ஐவரை விட்டுப் பிரிந்த இடத்திலிருந்து, அந்த மணல்மேடுகளுக்குள், தண்ணீர் இல்லாமல், இன்னும் 30 கிலோமீட்டருக்கு மேல் போயிருந்தார்கள் இருவரும். ஐந்து நாளாக நாளுக்கு ஒரு மூடித் தண்ணீரில் இருந்தவர்கள். எனக்கு இந்தக் கதையில் நம்பவே முடியாத இடம் எதுவென்றால் அதுதான், விமானம் தானாக இறங்கியது இல்லை. ஆகஸ்டில் வொராவ்கா கிடைத்தார்.

சாபம் பற்றியும் கேட்பார்கள். விமானத்திலிருந்து கழற்றிய பாகங்களைப் பொருத்திய மற்ற விமானங்கள் விபத்தில் சிக்கின என்று ஒரு கதை உண்டு. நாற்காலிக் கைப்பிடி ஒன்றைப் பொருத்திய ராணுவ ஆட்டர் விமானம் 10 பேருடன் சிட்ரா வளைகுடாவில் விழுந்தது, கரையொதுங்கியது அந்தக் கைப்பிடிதான் என்பார்கள். நாற்காலிக் கைப்பிடி விமானத்தை விழத்தட்டாது. மிதக்கிற சாமான் கரையொதுங்கும், அவ்வளவுதான்.

எஞ்சிய விமானத்தை 1994இல் லிபியர்கள் எடுத்துவந்து தொப்ரூக்கில் ராணுவப் பொறுப்பில் வைத்தார்கள். பல ஆண்டுகளாக வந்துபோனவர்கள் ஆளுக்கு ஒன்றாகக் கழற்றிக்கொண்டு போனதில் பாதி எலும்புக்கூடுதான் மிச்சம்.

வெர்னன் மூர் மட்டும் அதிகாரபூர்வமாகக் கிடைக்கவே இல்லை. 1953இல், விமானத்தை யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே, பிரிட்டிஷ் ராணுவ ரோந்துக் குழு ஒன்று அந்தப் பக்கம் ஓர் உடலைப் பார்த்து, யாரென்று தெரியாமல் அங்கேயே புதைத்ததாகப் பிற்காலத்தில் ஒரு தகவல் வந்தது. அது மூர்தான் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அது உறுதிப்படவில்லை.